பிதிரார்ஜிதக் கடிகாரம்

தகப்பனார் கட்டியிருந்த கைக்கடிகாரத்தை அவர் காலத்துக்குப் பிறகு மகன் கட்டிக்கொள்வதும், பேரன் அதைப் பட்டு விரித்த பெட்டியில் பத்திரப்படுத்தி, வருவோர் போவோர்க்கெல்லாம் எடுத்துக் காட்டிப் பெருமைப்படுவதும் தொன்றுதொட்டு வந்த சம்பிரதாயம் என்றே இன்று பலரும் எண்ணுகிறார்கள். மேல்நாட்டில் பழங்கடிகாரம் சேகரிப்பவர்களுடைய பேச்சைக் கேட்டால், குலதனம் என்பதற்கு நம் பாட்டன்மார் கொடுத்த கௌரவம் அத்தனையையும் அந்தச் சிறு யந்திரத்துக்கு அவர்கள் கொடுத்திருப்பது புலப்படும். ஆயினும் சரித்திரத்தை நிதானமாகப் புரட்டிப் பார்க்கிறவர்களுக்கு, இந்த வழக்கத்துக்கு வயது ஒன்றும் அதிகமில்லை என்பதும், அந்தத் தொழிலே இனிப் பிழைக்காது என்று அதில் ஊறியவர்களே கைகழுவிவிட்ட ஒரு கஷ்டகாலத்தில்தான் இது பிறந்தது என்பதும் விளங்காமற் போகாது. பயன் இருந்த வரையில் கடிகாரத்தை யாரும் பூஜிக்கவில்லை. பயன் போன பிறகே பூஜை ஆரம்பமாயிற்று.

கதையின் தொடக்கம் ஜினீவா நகரத்தில் இருக்கிறது. 1541-ஆம் ஆண்டில் அந்நகருக்குத் திரும்பிவந்து அதன் வாழ்வைத் தம் சித்தாந்தப்படி திருத்தியமைக்கத் தொடங்கிய மதச் சீர்திருத்தவாதி கால்வின், ஆபரணம் பூண்பதையும் ஆடம்பரமாய் உலாவுவதையும் பாபமென்று கண்டித்துக் கட்டுப்பாடு விதிக்கவே, ஜீவனோபாயத்தை இழந்து நின்ற பொற்கொல்லர்கள், காலம் காட்டும் உபகரணம் என்ற நியாயத்தால் தடைக்குத் தப்பிய கடிகாரத்தின்பால் தங்கள் கைத்திறமையைத் திருப்பினார்கள். பிரான்ஸில் மதக்கொடுமைக்கு ஆற்றாமல் ஓடிவந்த ஹ்யூகனாட்டுகள் என்ற சீர்திருத்தக் கிறிஸ்தவர்களில் கடிகாரக் கலையை அறிந்தவர்கள் பலர் இருந்தார்கள். இரு சாராரும் கூடியதன் பலனாக 1601-இல் ஜினீவாவில் கடிகாரத் தொழிலாளருக்கென்று ஒரு சங்கமே ஏற்பட்டுவிட்டது. ஆக, நகையானது உபகரணம் என்ற வேஷத்தைப் போட்டுக்கொண்டு ஊருக்குள் புகுந்தது என்று சொன்னால் மிகையாகாது. அந்த வேஷம் நானூறு வருஷம் கலையாமல் இருந்தது என்பதுதான் ஆச்சரியம்.

ஜினீவாவுக்கு வடக்கே ஜூரா மலைத்தொடரில், கடல்மட்டத்துக்கு ஏறக்குறைய ஆயிரம் மீட்டர் உயரத்தில், வாலே த ஜூ என்னும் பள்ளத்தாக்கு ஒன்றுண்டு. குளிர்காலத்தில் பனி விழுந்து பாதைகள் அடைபட்டு, அங்குள்ள ஏரியும் உறைந்துபோய்விடும் அந்த நாட்களில், உழுவதற்கு நிலமும் மேய்ப்பதற்குப் புல்லும் இல்லாத குடியானவர்கள், சன்னலோரத்தில் ஒரு மரப்பலகையைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து, கடிகாரத்தின் சக்கரத்தையோ திருகாணியையோ அராவிக்கொண்டிருப்பார்கள். ஒரு வீட்டில் பல்சக்கரம், அடுத்த வீட்டில் முள், அதற்கடுத்த வீட்டில் வில் என்று வீட்டுக்கு ஒரு வேலையாகப் பிரிந்து, எல்லாவற்றையும் வியாபாரி ஒருவன் பனி உருகிய பிறகு திரட்டிக்கொண்டுபோய்ப் பட்டணத்தில் பூட்டுவிப்பான். இப்படி வளர்ந்த ஊர்களில் தலையாயது நெவ்ஷாத்தெல் மலைப்புறத்து லா ஷோ-த-ஃபோன். 1794-இல் பெருந்தீயில் அழிந்துபோன அவ்வூரைப் பிற்பாடு கட்டியவர்கள், கடிகாரப் பட்டறைகளுக்கு வெளிச்சமே மூலதனம் என்பதை உணர்ந்து, சரிவின்மேல் நேர்கோடாக வீதிகளை வகுத்து, ஒவ்வொரு வீட்டுச் சன்னலுக்கும் சூரியவெளிச்சம் தடையின்றி எட்டும்படி செய்தார்கள். கார்ல் மார்க்ஸ் தமது 'மூலதனம்' என்ற நூலில் அவ்வூர் முழுவதையும் ஒரே தொழிற்சாலையாகக் கருதலாம் என்ற கருத்தை வெளியிட்டிருக்கிறார். 2009-இல் பக்கத்து ஊரான லெ லோக்ளோடு சேர்த்து யுனெஸ்கோ அதை உலகப் பாரம்பரியச் சின்னமாக அங்கீகரித்தது. நம் சண்டிகர் நகரத்தைத் திட்டமிட்ட லெ கொர்புஸியே பிறந்ததும் அவ்வூரில்தான். அவருடைய தகப்பனார் கடிகார டயலுக்கு எனாமல் பூசுகிறவர், அவரும் இளம்பிராயத்தில் கடிகார மூடியில் சித்திரவேலை செய்யப் பயின்றவரே. சண்டிகரின் செக்டார்கள் அத்தனை நேராக ஓடுவதைப் பார்த்தவர்கள் அவருடைய பிறந்த ஊர் வீதிகளையும் ஒருதரம் பார்ப்பது நல்லது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் சட்டைப்பைக் கடிகாரம் தகப்பனிடமிருந்து மகனுக்குப் போனது உண்மைதான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் அப்படிப் போனது கடிகாரமா, அதைச் சுற்றியிருந்த பொன்னா என்பதுதான் கேள்வி. உள்ளே இருக்கும் யந்திரம் பழுதானால் அதை எறிந்துவிட்டு, கூட்டையும் சங்கிலியையும் எடைபோட்டு விற்பதில் அந்தக் காலத்து வாரிசுகளுக்குச் சிறிதும் மனக்கிலேசம் இருந்ததாகத் தெரியவில்லை. இதற்கு வெகுதூரம் பின்னே போகவேண்டியதும் இல்லை. 1980-ஆம் வருஷம் ஜனவரி மாதத்தில் தங்கத்தின் விலை அவுன்ஸுக்கு 850 டாலர் வரை ஏறியபோது, மேல்நாடுகளில் பாட்டன், முப்பாட்டன் காலத்துப் பொற்கடிகாரங்கள் கூடுவேறு யந்திரம்வேறாகப் பிரிக்கப்பட்டு, கூடுகள் உலைக்குப் போயின; கூடிழந்த யந்திரங்கள் பல இன்றும் பழஞ்சாமான் வியாபாரிகளின் தகரடப்பாக்களில் உருண்டுகொண்டிருக்கின்றன. நகையை உருக்குவது நம் நாட்டுக்குப் புதிதல்ல; கடிகாரத்தையும் நகையாகவே மதித்தவர்கள் நகைக்கு நேரும் கதியையே அதற்கும் கொடுத்தார்கள்.

கைக்கடிகாரத்துக்கோ அந்த மதிப்புக்கூட முதலில் இல்லை. மணிக்கட்டில் கடிகாரம் கட்டுவது ஆதியில் ஸ்திரீகளின் வழக்கம். 1868-இல் ஜினீவாவின் பட்டேக் பிலிப் நிறுவனம் ஹங்கேரியப் பிரபு வம்சத்துச் சீமாட்டி ஒருவருக்காக வளையலில் பொருத்திய கடிகாரம் ஒன்றைச் செய்தது. ஆண்மக்கள் அத்தகைய பொருளைக் கையில் மாட்டிக்கொள்வதை நகைப்புக்கிடமானதாகவே கருதினார்கள். பிரேஸில் நாட்டு விமானி ஸாந்தோஸ்-துமோன், ஆகாயக்கப்பலின் விசைகளை இரு கைகளாலும் பற்றியிருக்கும்போது சட்டைப்பைக்குள் கைவிட்டுக் கடிகாரம் எடுப்பது எப்படி என்று முறையிட, அவருடைய சிநேகிதர் லூயி கார்த்தியே 1904-இல் தோல்வாரில் கோத்த கடிகாரம் ஒன்றைச் செய்து கொடுத்தார். ஆனால் பரிகாசத்தை அடியோடு ஒழித்தது முதல் உலக யுத்தம். பதுங்குகுழியில் கிடந்த சிப்பாய்க்கு, குறித்த நிமிஷத்தில் எழுந்து பாய்வதற்கு மணி பார்க்கவேண்டும். அதற்கு இரண்டு கைகளும் துப்பாக்கியைவிட்டு விலகக்கூடாது. இருட்டிலும் எண்கள் தெரியவேண்டும். அதற்காக டயலில் பூசிய ரேடியம், யுத்தத்துக்குப் பின்னும் நீடித்து, அமெரிக்காவில் நியூஜெர்ஸி முதலிய இடங்களில் தூரிகையின் நுனியை உதட்டில் வைத்துக் கூராக்கி வேலை செய்த இளம்பெண்களைக் கொன்றது தனியே எழுதவேண்டிய துயரக்கதை.

இரண்டு யுத்தங்களுக்கிடையே கைக்கடிகாரம் எல்லாருடைய கைக்கும் வந்துவிட்டது. 1905-இல் லண்டனில் வியாபாரம் தொடங்கிய ஹான்ஸ் வில்ஸ்டார்ஃப் என்ற பவேரியர், ரோலெக்ஸ் என்று பெயரிட்டு விற்ற தமது கடிகாரத்துக்கு 1926-இல் நீர்புகாத கூடு ஒன்றை அமைத்தார். அடுத்த வருஷம் இங்கிலீஷ் கால்வாயை நீந்திய மெர்ஸிடிஸ் கிளைட்ஸ் என்ற நங்கை மறுபடி நீந்தப் புறப்பட்டபோது அவள் கழுத்தில் அதைத் தொங்கவிட்டு அனுப்பினார். குளிர் தாங்காமல் அந்த நீச்சலை அவள் பாதியில் நிறுத்த நேர்ந்தது, கடிகாரம் நிற்கவில்லை, விளம்பரத்துக்கு அது போதுமாயிருந்தது. இவையெல்லாம் உழைக்கிறவர்களுக்கான கருவிகள் என்றே செய்யப்பட்டன, கருவிகளாகவே விற்கப்பட்டன. முக்குளிப்பவனும் விமானியும் மோட்டார்ப் பந்தயக்காரனும் அவற்றைக் கட்டினார்கள். தேய்ந்தால் வேறு வாங்கினார்கள்.

அந்தக் கருவியின் உள்ளே நடப்பதைச் சற்று அருகில் சென்று பார்ப்பது அவசியம். இல்லாவிட்டால் பின்னால் வந்த வீழ்ச்சியின் அளவு விளங்காது. சாவி கொடுத்தால் முறுக்கேறும் பட்டைவில், தன் முறுக்கைத் தளர்த்திக்கொள்ள விரும்பிச் சக்கரங்களைத் தள்ளுகிறது. அந்த வேகத்தை ஒரே மூச்சில் ஓடிவிடாதபடி தடுத்து, கொஞ்சம் கொஞ்சமாக விடுவது, மயிரிழை போன்ற 'ஹேர் ஸ்பிரிங்' பிடித்திருக்கும் 'பேலன்ஸ்' சக்கரம். நல்ல கைக்கடிகாரங்கள் பலவற்றில் அது மணிக்கு 28,800 தடவை, அதாவது வினாடிக்கு எட்டுத் தடவை ஆடுகிறது. ஒரு நாளைக்கு ஆறு லட்சத்துத் தொண்ணூறாயிரத்துக்கு மேல் ஆடியும், அந்த நாளின் முடிவில் நாலைந்து வினாடிக்கு மேல் பிசகாமல் இருந்தால் அதைச் சிறந்த கடிகாரம் என்பார்கள். சக்கரங்களின் அச்சுகள் மாணிக்கக்கல்லில் குடைந்த குழிகளில் சுழல்கின்றன. அந்தக் குழிகளில் விட்ட எண்ணெய் சில வருஷங்களில் பிசுபிசுத்துப் போகும். அப்போது ஒருவன் பின்மூடியைத் திறந்து, கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு, எல்லாவற்றையும் கழற்றிக் கழுவிப் புது எண்ணெய் விட்டு மறுபடி பூட்டவேண்டும். பூட்டியபின், மூடியின் உட்புறத்தில் ஊசிமுனையால் தேதியையும் தன் அடையாளக் குறியையும் பொடியெழுத்தில் கீறிவைப்பது ரிப்பேர்க்காரர்களின் பழைய வழக்கம். ஐம்பது அறுபது வருஷம் உழைத்த கடிகாரத்தின் மூடியைத் திறந்தால் அங்கே ஏழெட்டுக் கீறல்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இருக்கும். ஒவ்வொன்றும் ஒவ்வொரு கை. சில வேளை ஒவ்வோர் ஊர். கட்டியிருந்தவனுக்கு அவை இருப்பதே தெரியாது.

இந்த உலகத்துக்குள் 1969-ஆம் வருஷம் டிசம்பர் 25-ஆம் தேதி டோக்கியோவில் ஸெய்க்கோ நிறுவனத்தார் 'ஆஸ்ட்ரான்' என்ற கடிகாரத்தைக் கொண்டுவந்து வைத்தார்கள். விலை 4,50,000 யென். அந்நாளில் ஒரு சிறு மோட்டார்க்காரின் விலைக்குச் சமானம். ஆனால் அது மாதத்துக்கு ஐந்து வினாடிக்குள்தான் பிசகும். மலைக்குடியானவர்கள் தலைமுறை தலைமுறையாக அராவி அராவித் தேடிய நுட்பத்தை, மின்கலத்தால் அதிரும் ஸ்படிகத் (குவார்ட்ஸ்) துண்டு ஒன்று பிரயாசையின்றி எட்டிவிட்டது. எட்டியதோடு நில்லாமல் பலமடங்கு கடந்தும் போயிற்று. இதில் வேடிக்கை என்னவென்றால், ஸ்விஸ்காரர்களுக்கு இந்த வித்தை தெரியாததல்ல. நெவ்ஷாத்தெலில் 1962-இல் அவர்கள் நிறுவிய ஆராய்ச்சிக்கூடம் 1967-லேயே மணிக்கட்டில் கட்டக்கூடிய ஸ்படிகக் கடிகாரத்தைச் செய்து பார்த்துவிட்டது. கையில் இருந்த விளக்கை ஏற்ற அவர்களுக்கு மனம் வரவில்லை. ஏற்றினால் தங்கள் வீடே எரியும் என்று அஞ்சினார்கள். அயலான் ஏற்றியபோதும் அந்த வீடே எரிந்தது.

அதே 1969-இல் அமெரிக்காவில் மற்றொரு விற்பனை நடந்தது. நியூயார்க் தனவந்தர் ஹென்றி கிரேவ்ஸுக்காக பட்டேக் பிலிப் நிறுவனத்தார் எட்டு வருஷம் உழைத்து 1933-இல் ஒப்படைத்த சட்டைப்பைக் கடிகாரம், 24 வகை நுட்பங்களை ஒரே கூட்டுக்குள் அடக்கியது. அவருடைய வீட்டுக்கு மேலேயுள்ள நியூயார்க் வானத்து நட்சத்திரங்கள்கூட அதில் நகர்ந்துகொண்டிருந்தன. கிரேவ்ஸ் 1953-இல் காலமானார். அவருடைய பேரன் அதை இல்லினாய் மாகாணத்து ஸெத் அட்வுட் என்ற தொழிலதிபருக்கு 2,00,000 டாலருக்கு விற்றார். உலகத்தின் தலைசிறந்த கடிகாரம், குலதனமாக ஒரு குடும்பத்தில் தங்கியிருந்தது அவ்வளவு காலம்தான். பேரனை நான் குறைகூறவில்லை. அந்நாளில் அது பெருந்தொகை.

எழுபதுகளில் ஜூரா மலைநாட்டை ஆட்டிவைத்த கேட்டை விவரமாக எழுதினால் அலுப்புத்தட்டும். ஸ்படிகக் கடிகாரத்தின் விலை வருஷத்துக்கு வருஷம் சரிந்தது. ஸ்விஸ் பிராங்கின் மாற்றுவிலையோ ஏறிற்று. 1970-இல் ஏறக்குறைய 90,000 பேர் வேலைசெய்த தொழிலில் எண்பதுகளின் நடுவே ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே எஞ்சினார்கள். அந்தச் சமயத்தில்தான் கருவிகளையும் அச்சுகளையும் பழைய இரும்பு வியாபாரிக்கு எடைக்குப் போடுவது அந்த ஊர்களில் அன்றாட நிகழ்ச்சியாயிற்று. எல்லாவற்றிலும் என் மனத்தைக் கவர்ந்தது, அப்படிப் போடச்சொல்லி வந்த உத்தரவுகளில் ஒன்றுக்குக் கீழ்ப்படியாத ஒரு மனிதருடைய செய்கை.

லெ லோக்ளில் 1865-இல் ஏற்பட்ட ஸெனித் தொழிற்சாலை, 1969-ஆம் வருஷம் ஜனவரியில் 'எல் ப்ரிமேரோ' என்ற யந்திரத்தை வெளியிட்டது. சாவி கொடுக்கவேண்டாமல் கையசைவினாலேயே முறுக்கேறுவதும், வினாடிகளை நிறுத்திக் கணிக்கும் வசதி உள்ளதும், மணிக்கு 36,000 தடவை ஆடுவதுமான அதிசயம் அது. இரண்டு வருஷத்தில் அந்தத் தொழிற்சாலையை அமெரிக்காவின் சிகாகோவிலுள்ள, அதே ஸெனித் என்ற பெயருடைய, ரேடியோக் கம்பெனி வாங்கிவிட்டது. 1975-இல் சிகாகோவிலிருந்து ஆக்ஞை பிறந்தது: இனி ஸ்படிகக் கடிகாரமே செய்யவேண்டும், பழைய யந்திரத்துக்குரிய அச்சுகளையும் கருவிகளையும் எடைக்கு விற்றுவிடவேண்டும். பட்டறைத் தலைவர்களில் ஒருவரான ஷார்ல் வெர்மோ அதை நிறுத்தவேண்டுமென்று மேலிடத்துக்குக் கடிதம் எழுதினார், பலனில்லை. அதன்பிறகு அவர், வேலை நேரம் முடிந்து மற்றவர்கள் வீடு திரும்பியபின், அச்சுகளையும் வெட்டுக்கருவிகளையும் வரைபடங்களையும் சிறுகச் சிறுகச் சுமந்துகொண்டு தொழிற்சாலையின் ஒரு மூலைப் பரண்மேல் ஏற்றினார். ஒவ்வொன்றுக்கும் சீட்டு எழுதிக் கட்டினார். எந்தப் பாகத்துக்கு எந்த அச்சு, எந்த வரிசையில் எதைச் செய்யவேண்டும் என்பதையெல்லாம் குறித்துவைத்தார். இது வெறும் ஒளித்துவைத்தல் அன்று. தனக்குப்பின் வரும் முகமறியாத ஒருவனுக்கு, எதை எங்கே எடுத்து எப்படி உபயோகிக்கவேண்டும் என்று எழுதிவைத்த உயில் அது. பிதிரார்ஜிதம் என்று நான் கைகூப்பத் தயாராயிருப்பது இதற்குத்தான்.

எண்பதுகளின் நடுவே தொழிற்சாலை கைமாறியிருந்தது. பழைய யந்திரத்துக்கு மறுபடி கிராக்கி ஏற்பட்டபோது, பரணிலிருந்தவற்றை இறக்கி, வெர்மோவின் குறிப்புகளைக் கொண்டே 1984-இல் உற்பத்தியைத் தொடங்கினார்கள். 1988-இல் ரோலெக்ஸ் நிறுவனத்தாரே தங்கள் டேடோனா கடிகாரத்துக்கு அந்த யந்திரத்தை வாங்கி, அதன் ஆட்டத்தைக் கொஞ்சம் குறைத்துப் பொருத்திக்கொண்டார்கள். இன்று அந்தப் பரண் தொழிற்சாலையைப் பார்க்க வருகிறவர்களுக்குக் காட்டும் ஸ்தலமாகிவிட்டது.

கிராக்கி ஏன் திரும்பிவந்தது? இங்கேதான் வியாபாரிகளின் சாமர்த்தியத்தை மெச்சவேண்டியிருக்கிறது. ஸ்படிகத்தோடு நுட்பத்தில் போட்டியிட முடியாது என்பதை உணர்ந்த சிலர், நுட்பம் என்ற வாதத்தையே கைவிட்டார்கள். ஸான்-க்ளோத் பிவேர் என்ற இளைஞர், யந்திரம் செய்கிற குடும்பத்தைச் சேர்ந்த ஸாக் பிகே என்பவரோடு கூட்டுச்சேர்ந்து, எண்பதுகளின் தொடக்கத்தில் செயலற்றுக் கிடந்த 'பிளான்பான்' என்ற பழம்பெயரை 22,000 பிராங்குக்கு வாங்கி, 1735 முதல் தாங்கள் ஸ்படிகக் கடிகாரம் செய்ததே இல்லை, செய்யப்போவதும் இல்லை என்று பறைசாற்றினார். ஸ்படிகக் கடிகாரம் கொடிகட்டிப் பறந்த வருஷங்களில் அந்தப் பெயரே உறக்கத்தில் இருந்ததால், அந்த வாக்கியத்தில் பொய் ஒன்றும் இல்லை! பத்து வருஷத்தில், 1992-இல், அந்தப் பெயர் 6 கோடி பிராங்குக்கு விலைபோயிற்று. ஜினீவாவில் 1974-இல் தோன்றிய ஆன்டிகோரம் என்ற ஏலக்கடை, பழங்கடிகாரங்களுக்கென்றே சித்திரப்படங்களோடு கூடிய தடித்த பட்டியல்களை அச்சிட்டு, 1989-இல் பட்டேக் பிலிப் கடிகாரங்களுக்காகவே ஒரு தனி ஏலத்தை நடத்தி, பழையதற்கு விலை உண்டு என்பதை உலகுக்கு அறிவித்தது. கடைசியாக 1996-இல் பட்டேக் பிலிப்பின் விளம்பரம் வந்தது. தகப்பனும் பிள்ளையும் சேர்ந்திருக்கும் ஒரு கறுப்பு-வெள்ளைப் படம். இந்தக் கடிகாரம் உமக்குச் சொந்தமன்று, அடுத்த தலைமுறைக்காக நீர் காத்துவருகிறீர், அவ்வளவே என்ற தாத்பரியமுள்ள ஒரு வாசகம். லண்டன் விளம்பரக்காரர்கள் எழுதிய அந்த வாசகத்துக்கு வயது முப்பதுதான்; ஆனால் அதைப் படிக்கிறவர்கள் தங்கள் பாட்டனார் சொன்னதாகவே நினைவுகூர்கிறார்கள்.

வாசகம் ஒன்று, நடப்பு வேறு. பெருவிலை பெற்ற பழங்கடிகாரங்கள் எவையென்று பார்த்தால், வீட்டைவிட்டு வெளியேறியவையே அத்தனையும். கிரேவ்ஸின் கடிகாரம் அட்வுட் நடத்திய காலக் காட்சிசாலை மூடப்பட்டபின் 1999-இல் 1 கோடியே 10 லட்சம் டாலருக்கும், 2014-இல் ஏறத்தாழ 2 கோடியே 40 லட்சம் டாலருக்கும் ஏலம்போயிற்று. நடிகர் பால் நியூமனுக்கு அவருடைய மனைவி ஜோன் உட்வர்ட், கவனமாய் மோட்டார் ஓட்டும்படி பின்மூடியில் பொறித்துக் கொடுத்த டேடோனா, கடையில் சில நூறு டாலருக்கு வாங்கியது. அந்தத் தினுசு டயல் அந்நாளில் விலைபோகாமல் கடைகளில் தங்கியது. நியூமன் அதை 1984-இல் தம் மகளின் தோழர் ஒருவருக்கு, மணி பார்க்கக் கடிகாரம் இல்லையே என்று, கையிலிருந்து கழற்றிச் சாதாரணமாகக் கொடுத்துவிட்டார். 2017 அக்டோபரில் நியூயார்க்கில் அது 1 கோடியே 77 லட்சம் டாலருக்கு மேல் விலைபெற்றது. கொடுத்தவர் அதைக் குலதனமாக நினைத்திருந்தால் கொடுத்திருக்கவே மாட்டார். கொடுத்த பெருந்தன்மைதான் அதன் கதையாயிற்று, கதைதான் விலையாயிற்று.

உலோகத்தின் தாரதம்மியமும் தலைகீழாயிற்று. 1972-இல் ஒதெமார் பிகே நிறுவனத்தார், ஜெரால்ட் ஜென்ட்டா வரைந்த 'ராயல் ஓக்' என்ற எஃகுக் கடிகாரத்துக்குப் பொற்கடிகாரங்களையும் மிஞ்சிய விலை வைத்தபோது சிரித்தவர்கள் உண்டு. 2016-இல் ஜினீவாவில், பட்டேக்கின் 1518 என்ற எண்ணுடைய கடிகாரம், எஃகில் செய்த நான்கே பிரதிகள் தெரியவந்திருப்பதால், 1 கோடியே 10 லட்சம் பிராங்கு பெற்றது. அதே வகையில் பொன்னில் செய்தவை அதுவரை அதன் அருகிலும் வந்ததில்லை. பொன்னுக்காக யந்திரத்தை எறிந்தவர்களுடைய பேரப்பிள்ளைகள், பொன்னாய் இல்லாததற்காக அதிகம் கொடுக்கிறார்கள். கால்வினுடைய ஊரில் நகைமேல் போர்த்திய உபகரண வேஷம் இப்போது முற்றிலும் கலைந்துவிட்டது. சட்டைப்பையில் இருக்கும் டெலிபோனே மணி காட்டும் காலத்தில், கையில் கட்டியது அசல் ஆபரணமே.

நம் நாட்டிலும் இந்த நாடகம் சிறிய அளவில் நடந்தது. சுதந்திரத்துக்குப்பின் இறக்குமதிக் கட்டுப்பாட்டினால் அயல்நாட்டுக் கடிகாரம் அரிதாகிவிட, 1961-இல் பெங்களூரில் ஜப்பானின் ஸிட்டிஸன் நிறுவனத்தாரின் துணையோடு எச்.எம்.டி. கடிகாரத் தொழிற்சாலை எழுந்தது. சாவி கொடுக்கும் 'ஜனதா'வும் தானாக முறுக்கேறும் 'காஞ்சன்' கடிகாரமும் மாப்பிள்ளைக்கு மாமனார் வீட்டு மோதிரத்தோடு போடும் சீர்வரிசையில் இடம்பெற்றன. பரீட்சை தேறிய பையனுக்கும் பணிமூப்பில் ஓய்வுபெற்றவருக்கும் அதுவே பரிசு. சென்னைப் பர்மா பஜாரில் எண்கள் மினுக்கும் மின்கலக் கடிகாரங்கள் வந்து குவிந்ததும், தமிழ்நாடு அரசின் டிட்கோவும் டாட்டாவும் கூட்டாக 1984-இல் தொடங்கிய டைட்டன், ஹோசூரிலிருந்து ஸ்படிகக் கடிகாரங்களை அழகழகாய் அனுப்பியதும், எச்.எம்.டி.யைப் பழையதாக்கிவிட்டன. ஜூராவில் பத்து வருஷத்தில் நடந்தது இங்கே முப்பது வருஷம் இழுத்தது. 2014-இல் மூடப்போவதாகச் செய்தி வந்ததும், அதுவரை திரும்பிப் பாராதவர்கள் எல்லாரும் கடைகளுக்கு ஓடினார்கள். 2016-இல் கடிகாரப் பிரிவு மூடுவிழா கண்டது. அதுமுதல் பாட்டனாரின் எச்.எம்.டி. அலமாரியிலிருந்து வெளிவந்து மறுபடி சாவி ஏற்கத் தொடங்கியிருக்கிறது.

இங்கே சேகரிப்பவர்களுக்கும் கடைவீதி ரிப்பேர்க்காரர்களுக்கும் ஒரு வழக்கு ஓயாமல் நடக்கிறது. டயல் மங்கிப்போனால் அதைச் சுரண்டிப் புதுவர்ணம் பூசி எழுத்தை அச்சிடுவதும், கீறல்விழுந்த கூட்டை மெருகுச் சக்கரத்தில் பிடித்துப் பளபளக்கச் செய்வதும் நம்மூர் ரிப்பேர்க்காரர்கள் காலங்காலமாய்க் கற்ற தொழில். வாடிக்கைக்காரர் கேட்டதும் அதைத்தான். சேகரிப்பவர்களோ அப்படிப் பூசிய கடிகாரத்தைக் கண்டால் முகத்தைச் சுளிக்கிறார்கள். பழுப்பேறிய டயலும் மழுங்காத விளிம்பும் உள்ள கடிகாரத்துக்கே அவர்களுடைய மதிப்பு. பம்பாய்ச் சந்தையில் வெவ்வேறு கடிகாரங்களின் அங்கங்களைக் கூட்டி, ஃபாவ்ர்-லூபா என்றும் எச்.எம்.டி. என்றும் புது டயல் அச்சிட்டுப் பழையது என்று அயல்நாட்டாருக்கு விற்கிறவர்களை இந்த வழக்கில் நான் சேர்க்கவில்லை, அது மோசடி. ஆனால் மனைவி சீதனமாய்க் கொண்டுவந்த கடிகாரத்தைப் புதுசுபோல் ஆக்கித் தா என்று கேட்ட ஒருவருக்கு, ஐந்து ரூபாய் கூலிக்கு அதைச் செய்து கொடுத்து, மூடியின் உட்புறத்தில் தேதியைக் கீறியவரைக் குற்றவாளிக்கூண்டில் நிறுத்துவது எந்த நியாயம் என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் முன் இருந்தது கட்டிக்கொள்ளும் கடிகாரம்; காட்சிப்பொருளாகும் காலம் அதற்கு அப்போது இன்னும் வரவில்லை.